அலெக்சாண்டர் முதல் அறையிலேயே செத்துப்போன கதை

போன மாதம் ஷார்ஜாவிலிருந்து தர்ஷினி போன் செய்தாள். நான் வேலை பார்த்த கண்காட்சிக் கம்பெனியில் இப்போது அவள்தான் கோஆர்டினேட்டர். யாழ்ப்பாணத்துப் பெண். நான் ஓய்வுபெற்றுக் கீழக்கரைக்கு வருவதற்கு ஒரு வருடம் முன்னால்தான் சேர்ந்தாள்.

"அண்ணை, பழைய ராஜாக்களைப் பற்றி ஒரு எக்ஸிபிஷன் வருது. எல்லாம் ஸ்கிரீன்தான், ஒரு பொம்மையும் இல்லை. இஞ்ச பழைய ஆக்கள் சொல்லினம், முந்தி நீங்கள் செய்த ஷோவில அலெக்சாண்டர் முதல் அறையிலயே செத்துப்போயிட்டாராம். உண்மையோ?"

"உண்மைதாம்மா."

"யானையின்ட காதை வெட்டினதும் உண்மையோ?"

"அதுவும் உண்மைதான்."

"ஐயோ அண்ணை! ஒருத்தரும் எனக்கு முழுக்கச் சொல்லேல்லை. ஒருக்கா எழுதி அனுப்புங்கோவன்."

ஓய்வுபெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் உன் கதையை எழுது என்று ஒருவர் கேட்டுவிட்டால் போதும். போனை வைப்பதற்கு முன்பே பேனாவைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

என் இருபத்தாறு வருட வளைகுடா வாழ்க்கையில் முதல் ஆறு வருடத்தை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: சூப்பர்மார்க்கெட்டுகளுக்கு ரேக் அடித்தேன். ஒருநாள் ஒரு கடைக்கு மாவு வாங்க வந்த குரியன் சார், நான் அடித்த ரேக்கின்மேல் தன் சட்டைப்பையிலிருந்த சின்ன ரசமட்டத்தை வைத்துப் பார்த்திருக்கிறார். குமிழி நடுவில் நின்றதாம். மாவை மறந்துவிட்டு என் நம்பரை வாங்கிக்கொண்டு போனார். அடுத்த மாதம் நான் கண்காட்சிக் கம்பெனியில் தச்சன்.

குரியன் சார் கோட்டயத்துக்காரர். தொப்பை பெரியது, குரல் சிறியது. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ரொம்பக் கோபம் என்றால் துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைப்பார். எதைக் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லமாட்டார். "நோக்காம்" என்பார். மலையாளத்தில் அதற்குப் பார்க்கலாம் என்று அர்த்தம். குரியன் சார் சொன்னால் நடக்காது என்று அர்த்தம். இது தெரியாமல் லீவு கேட்டுவிட்டு மூன்று மாதம் காத்திருந்தவர்கள் உண்டு.

அவரிடம் வேலை பார்க்கச் சில ஒழுங்குகள் இருந்தன. காட்சிப் பொருள் எதையும் வெள்ளைக் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. முதல் வாரத்தில், "சுத்தியலைப் பிடிக்கவும் கையுறை போடணுமா சார்?" என்று கேட்டேன். "சுத்தியல் உன்னோடதல்லே, அழுக்காகட்டும்" என்றார். இன்னொன்று, வரைபடம். புதிய வரைபடம் கைக்கு வந்தால் உடனே உறையைப் பிரிக்கவேண்டும், படிக்கவேண்டும், கையெழுத்துப் போடவேண்டும், சுவரிலிருக்கும் பழையதைக் கிழித்துவிட்டுப் புதியதை ஒட்டவேண்டும். நாலும் முடிந்த பிறகுதான் டீ குடிக்கலாம். அவரிடம் இருந்த பத்து வருடத்தில் இந்த ஒழுங்கை நான் ஒரே ஒருமுறைதான் மீறினேன்.

அந்த ஒருமுறை அலெக்சாண்டர் வந்திருந்தார்.

துபாயில் ஒரு மண்டபத்தில் "மாவீரன் அலெக்சாண்டர்: வாழ்வும் வெற்றிகளும்" என்று ஒரு கண்காட்சி. வரிசையாக எட்டு அறைகள். முதல் அறையில் பிறக்கிறார். இரண்டாவதில் யாருக்கும் அடங்காத குதிரையை அடக்குகிறார். பிறகு கடலைக் கடந்து போகிறார், தீவுக்கோட்டையைப் பிடிக்கக் கடலிலேயே கல் கொட்டிச் சாலை போடுகிறார், எகிப்துக்குப் போகிறார், பாரசீகச் சக்கரவர்த்தியை ஓட ஓட விரட்டுகிறார். ஏழாவதில் ஜீலம் ஆற்றங்கரையில் நம் போரஸோடு சண்டை. எட்டாவதில் பாபிலோனில் காய்ச்சல் கண்டு சாகிறார். வயது முப்பத்திரண்டு. பொம்மைகள் எல்லாம் ஃபைபர். போரஸின் யானைகூட நிஜ யானை அளவு.

மேற்பார்வைக்கு எலேனி என்ற கிரேக்கப் பெண்மணி வந்திருந்தார். சரித்திரம் படித்தவர். அலெக்சாண்டரைச் சொந்த அக்காள் மகன் மாதிரி பார்த்துக்கொள்வார். பொம்மையின் தோளில் தூசி இருந்தால் தன் கைக்குட்டையால் துடைப்பார்.

என்னோடு இரண்டு பஞ்சாபித் தச்சர்கள். அஸ்லம் பாகிஸ்தான், குர்மீத் இந்தியா. கிரிக்கெட்டிலிருந்து பருப்பில் எத்தனை பச்சைமிளகாய் என்பதுவரை இரண்டு பேருக்கும் ஒத்துவராது. ஆனால் ஏழாவது அறையில் மட்டும் ஒரே கட்சி. ஜீலம் ஆறு தன் ஊரிலிருந்து அரைமணி நேரம் என்பார் அஸ்லம். அந்தக் காலத்தில் பஞ்சாப் ஒன்றுதானே என்பார் குர்மீத். ஆகவே போரஸ் இரண்டு பேருக்கும் சொந்தக்காரர்.

அந்த அறையின் பலகை ஒன்றில், அலெக்சாண்டரின் படைவீரர்கள் இதற்குமேல் வரமாட்டோம் என்று மறுத்து நின்ற கதை இருந்தது. எனக்குத் தெரிந்த இந்தியில் அதைப் படித்துச் சொன்னேன்.

"எத்தனை வருஷம் பாய், வீட்டுக்குப் போகாம இருந்தாங்க?" என்று கேட்டார் அஸ்லம்.

"எட்டு வருஷம்."

"எட்டு வருஷம் லீவு கொடுக்கலையா? இவன் ராஜாவா, கஃபீலா?" என்றார் குர்மீத். கஃபீல் என்றால் நம் விசாவைக் கையில் வைத்திருக்கும் அரபு முதலாளி. அன்று முழுக்க இரண்டு பேருக்கும் அலெக்சாண்டர்மேல் கோபம்.

முதல் வில்லங்கம் குதிரையில் ஆரம்பித்தது. அலெக்சாண்டரை ஒரு பட்டறையில் செய்தார்கள், குதிரையை வேறொரு பட்டறையில். இரண்டையும் சேர்த்தால் ராஜாவின் கால்கள் குதிரையின் வயிற்றைத் தாண்டி இறங்கவில்லை. மரக்கிளையில் தொற்றிக்கொண்ட பூனை மாதிரி மேலேயே நின்றார். சேணம் ஒன்று வைத்து இடைவெளியை மறைத்துவிடலாம் என்றேன். எலேனி மேடம் பதறிப்போனார். அந்தக் காலத்தில் சேணமும் கிடையாது, கால் வைக்க வளையமும் கிடையாதாம். வேறு வழியில்லாமல் குதிரையை இளைக்கவைத்தோம். இரண்டு பக்கமும் அறுத்து, உள்ளே தள்ளி, மறுபடி ஒட்டினோம். ராஜாவைக் கீழிருந்து போல்ட் போட்டு முறுக்க ஒரு ஆள் குதிரையின் வயிற்றுக்குள் படுக்கவேண்டும். அப்போது நான் ஒல்லி.

உள்ளே ஒரே இருட்டு, பிசின் வாடை. வாயில் இரண்டு போல்ட். அந்த நேரம் பார்த்துக் குதிரையை யாரோ தட்டினார்கள்.

"ஹலோ? புதிய வரைபடம். தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்" என்று எலேனி மேடத்தின் ஆங்கிலம் கேட்டது.

வாயில் போல்ட் இருந்ததால் பதில் பேச முடியவில்லை. வயிற்று ஓட்டை வழியே கையை மட்டும் நீட்டினேன். உறை வந்தது. பக்கத்தில் வைத்தேன். போல்ட்டை முறுக்கினேன். பிறகு ஊர்ந்து வெளியே வந்து, முதுகை நிமிர்த்தி, டீ குடிக்கப் போய்விட்டேன். நான் திரும்புவதற்குள் அஸ்லம் ஓட்டையை அடைத்துப் பிசின் பூசி, பெயின்ட்டும் அடித்திருந்தார். அலெக்சாண்டர் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். எல்லோரும் கைதட்டினோம். உறை என் நினைவிலேயே இல்லை.

பன்னிரண்டு நாள் கழித்து, திறப்பு விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலையில் தீயணைப்புத் துறை அதிகாரி வந்தார். இளம் வயது அரபி, நல்ல மரியாதை. குரியன் சார் கொடுத்த டீயைக் குடித்தார். தன் டேப்லெட்டில் இருந்த வரைபடத்தையும் மண்டபத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மேற்கு வாசலைக் காட்டித் தலையாட்டினார்.

"லா, லா. மம்னூ."

கூடாது என்கிறார். மேற்கு வாசல் பக்கத்து மண்டபத்துக்கான அவசர வழி. அங்கே மக்கள் வரிசையில் நிற்கக்கூடாது. கிழக்கு வாசல் வழியாக நுழைவதற்குத்தான் அனுமதி கொடுத்து, திருத்திய வரைபடத்தில் முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறார்கள். அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிழை இல்லை. நாங்கள்தான் பழைய வரைபடத்தின்படி மேற்கிலிருந்து ராஜாவைப் பிறக்கவைத்திருந்தோம். கிழக்கு வாசலில் நுழைந்தால் ஆள் செத்துக் கிடக்கிறார். எட்டு அறையும் நடந்து முடித்தால் தொட்டிலில் படுத்திருக்கிறார்.

"திருத்திய வரைபடத்தை நான் கொடுத்தேன்!" என்றார் எலேனி மேடம்.

"யாரிடம்?" என்று கேட்டார் குரியன் சார்.

"ஒரு கையிடம்."

"கையா?"

"வெள்ளைக் கையுறை போட்ட கை. குதிரைக்குள்ளே இருந்து வந்தது."

எங்கள் எல்லோருடைய கையிலும் வெள்ளைக் கையுறை. எல்லோரும் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள். நான் குதிரையைப் பார்த்தேன். அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தது. அன்று குதிரைக்குள் யார் படுத்தது என்று அஸ்லமுக்கும் குர்மீத்துக்கும் நன்றாகவே தெரியும். இரண்டு பேரும் கூரையிலிருந்த விளக்குகளை எண்ணத் தொடங்கினார்கள்.

கண்காட்சியை நடத்துபவரின் ஆள் ஒருவர், கோட்டு போட்டவர், நாளைக்குள் அந்தக் கையின் பெயர் தனக்கு வேண்டும், அந்த ஆளை கேன்சல் செய்யவேண்டும் என்றார். வளைகுடாவில் இருந்தவர்களுக்கு அந்த வார்த்தையை விளக்கவேண்டியதில்லை. விசா கேன்சல், ஊருக்கு டிக்கெட். அந்த வருடம்தான் என் மூத்த மகள் நர்சிங் சேர்ந்திருந்தாள். சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தேன். "சார், டீ போடட்டுமா?" என்றுதான் வந்தது.

குரியன் சார் கண்ணாடியைத் துடைத்தார். இரண்டாம் முறையும் துடைத்தார். பிறகு, "எட்டை ஒண்ணாக்கணும், ஏழை ரெண்டாக்கணும். யல்லா" என்றார்.

அன்று முழுவதும் ஒரு சாம்ராஜ்யத்தையே திருப்பி வைத்தோம். தொட்டில் கிழக்கே போனது. மரணப் படுக்கை மேற்கே வந்தது. தீவுக்கோட்டையைப் பிடிக்க அலெக்சாண்டருக்கு ஏழு மாதம் ஆனதாம். அதே கோட்டையை நாலாவது அறையிலிருந்து ஐந்தாவது அறைக்கு நாங்கள் நாற்பது நிமிடத்தில் கொண்டுபோனோம். மறுநாள் பத்து மணிக்கு யானை ஒன்றுதான் மிச்சம்.

யானை உள்ளே வந்தபோது தடுப்புச் சுவர்கள் கிடையாது. சுவர் எழுப்பி, ஓவியம் வரைந்து, விளக்குக் கம்பிகளையும் உள்ளே ஓட்டிய பிறகு, இப்போது வாசல் வழியாகத்தான் போகவேண்டும். நான் டேப்பை எடுத்து யானையின் வயிற்றை அளந்தேன். வாசலை அளந்தேன். நாலு விரல் இடைவெளி இருந்தது. "போகும்" என்றேன். சக்கரப் பலகையில் ஏற்றித் தள்ளினோம். கொஞ்சம் சாய்த்து முதல் காதை நுழைத்தோம், திருப்பி இரண்டாவது காதையும் நுழைத்தோம். அப்போதுதான் புரிந்தது. நான் காதுகளை அளக்கவில்லை. தூண்டில் முள் மாதிரி காதுகள் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டன. தும்பிக்கை அடுத்த மேடையில் இடிக்கிறது, முன்னாலும் போகவில்லை. இழுத்தால் காது சுவரைக் கிழிக்கிறது, பின்னாலும் வரவில்லை. பழைய கணக்குப்படி தலை பாரசீகத்தில், வால் பஞ்சாபில்.

மறுபார்வைக்கு அதிகாரி வந்துவிட்டார். வாசலில் நின்றார். யானையின் பின்பக்கத்தை வெகுநேரம் பார்த்தார்.

"லேஷ் ஃபீல்?" என்று கேட்டார். ஏன் யானை?

ஆபத்தென்றால் ஓடவேண்டிய வழியைத்தான் யானை முழுசாக அடைத்துக்கொண்டிருந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு மறுபடி வருவேன், வழி திறந்திருக்கவேண்டும், இல்லையென்றால் திறப்பு விழா இல்லை, கலாஸ் என்று அமைதியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

"காதை வெட்டுங்கள்" என்றார் எலேனி மேடம்.

குர்மீத் கட்டரைக் கீழே வைத்தார். அஸ்லம் அதன் பிளக்கையே பிடுங்கிவிட்டார்.

"நஹி" என்றார் அஸ்லம். "போரஸோட யானை சண்டையில செத்திருக்கலாம். காதறுபட்டு நின்னதில்லை."

"வெறும் ஃபைபர் பாய்!" என்றேன்.

"ஃபைபர்தான். ஆனா யாரோட ஃபைபர்?" என்று கேட்டார் குர்மீத்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. வரைபடத்தைத் தொலைத்தது நான், காதை அளக்காதது நான். குரியன் சாரைத் தனியாக, யானைக்காகக் காத்திருந்த போரஸின் புது அறைக்கு அழைத்துக்கொண்டுபோய் எல்லாவற்றையும் சொன்னேன். உறை இன்னும் குதிரையின் வயிற்றில்தான் இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

அவர் கண்ணாடியைத் துடைக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"சாகுலே," என்றார். "உன்னை இப்ப ஞான் எந்தா செய்யணும்?"

அந்த அறையின் பலகையை நான்தான் ஆணியடித்து மாட்டியிருந்தேன். தோற்று நின்ற போரஸிடம் உன்னை எப்படி நடத்தவேண்டும் என்று அலெக்சாண்டர் கேட்டாராம். ஒரு ராஜாவை நடத்துவதுபோல என்றாராம் போரஸ். எனக்கு அந்தத் தைரியம் எல்லாம் வரவில்லை.

"ஊருக்கு அனுப்பிடாதீங்க சார்" என்றேன்.

"நோக்காம்" என்றார்.

நோக்காம் என்றால் நடக்காது என்றல்லவா அர்த்தம்! ஊருக்கு அனுப்புவது நடக்காது என்கிறாரா, அனுப்பாமல் இருப்பது நடக்காது என்கிறாரா? கேட்பதற்குள் அவர் நடந்துவிட்டார். நேராக எலேனி மேடத்திடமும் கோட்டுக்காரரிடமும் போனார்.

"அந்தக் கை என்னோடது" என்றார் ஆங்கிலத்தில்.

எலேனி மேடம் அவருடைய தொப்பையைப் பார்த்தார். பிறகு குதிரையின் வயிற்றைப் பார்த்தார். மறுபடி தொப்பையைப் பார்த்தார்.

"நீங்கள் அந்தக் குதிரைக்குள் இருந்தீர்களா?"

"இருந்தேன்."

"எப்படி?"

"கஷ்டப்பட்டு" என்றார் குரியன் சார்.

கோட்டுக்காரர் எழுதிக்கொண்டார். எலேனி மேடம் வேறு எதுவும் கேட்கவில்லை. என் பக்கம் ஒருமுறை திரும்பினார், அவ்வளவுதான். நான் கையுறையைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அதன் பிறகு குரியன் சார் யானையருகே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். அஸ்லமையும் குர்மீத்தையும் எதிரே உட்காரவைத்தார். எலேனி மேடத்துக்கும் ஒரு ஸ்டூல். மொழிபெயர்க்க நான்.

"காதை வெட்டணும்னா உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார்.

இரண்டு பேரும் பஞ்சாபியில் கிசுகிசுத்தார்கள். அவர்கள் சண்டையில்லாமல் ஐந்து நிமிடம் பேசி நான் பார்த்தது அன்றுதான். பிறகு அஸ்லம் எழுந்து நின்றார். அலெக்சாண்டர் அவர்களுக்குச் சிக்கந்தர்.

"ஒண்ணு. சிக்கந்தர் மேடையில நிக்கிறான், எங்க ராஜா தரையில நிக்கிறார். ரெண்டு பேரும் ஒரே தரையில நிக்கணும். ரெண்டு. எங்க ராஜா தலை குனிஞ்சிருக்கு. நிமிரணும்."

நான் சொன்னதைக் கேட்டு எலேனி மேடம் தன் குறிப்பேட்டைப் புரட்டினார். பிறகு, "போரஸ் மிகவும் உயரமானவன் என்றுதான் பழைய நூல்களில் இருக்கிறது. மேடையை எடுத்துவிட்டால் அவன் அலெக்சாண்டரைவிட உயரமாகத் தெரிவான்" என்றார்.

மொழிபெயர்த்தேன்.

"தெரியட்டும்" என்றார் குர்மீத்.

எலேனி மேடம் அலெக்சாண்டரிடம் போய் அவர் தோளைக் கைக்குட்டையால் ஒருமுறை துடைத்தார். அவரிடம் அனுமதி கேட்பதுபோல இருந்தது. "சரி," என்றார். "அவன் பதில் சொன்ன விதத்துக்குக் குனிந்த தலை பொருந்தாதுதான்."

போரஸின் கழுத்தில் ஒரு போல்ட் இருந்தது. அதை அஸ்லம் தளர்த்தினார், குர்மீத் தாடையைப் பிடித்து மெதுவாக நிமிர்த்தினார், அஸ்லம் முறுக்கினார். பிறகு இரண்டு பேரும் ஆளுக்கொரு காதை எடுத்துக்கொண்டார்கள். பென்சிலால் கோடு போட்டு, மடிப்பு விழுந்த இடமாகப் பார்த்து, ஒட்டினால் தெரியாதபடி வளைவாக அறுத்தார்கள். அறுத்த காதுகளைத் தரையில் வைக்காமல் போர்வையில் வைத்தார்கள். யானை ஐந்து வாசல்களையும் கடந்து ஊர்வலம் மாதிரி போய்ச் சேர்ந்தது. மாலைக்குள் காதுகளைப் பிசினும் ஃபைபர் நாரும் வைத்து ஒட்டினோம். காலையில் தேய்த்துப் பெயின்ட் அடித்தோம். பத்து மணிக்கு அதிகாரி வந்து, வழியைப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். போகும்போது யானையின் தும்பிக்கையோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டார்.

திறப்பு விழா நன்றாக நடந்தது. ராஜா முறைப்படி முதல் அறையில் பிறந்தார். சிறப்பு விருந்தினராக வந்த பெரியவர் எல்லா அறையையும் வேகமாகக் கடந்தார், ஏழாவதில் மட்டும் நின்றுவிட்டார். போரஸை அண்ணாந்து பார்த்து, "இந்தச் சண்டையில் ஜெயித்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். எலேனி மேடம் வாயைத் திறப்பதற்குள் கயிற்றருகே நின்ற இரண்டு குரல்கள் ஒன்றாகச் சொன்னன:

"மேட்ச் டிரா, சார்!"

எலேனி மேடம் மறுக்கவில்லை.

இரண்டு மாதத்தில் குரியன் சார் ஓய்வுபெற்று ஊருக்குப் போனார். எனக்குச் சூப்பர்வைசர் வேலை வந்தது. அதன் பிறகு எந்த வரைபடமும் பிரிக்கப்படாமல் என் கையைத் தாண்டவில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தால்கூட நின்ற இடத்தில் பிரித்துப் படித்துவிடுவேன்.

நான் ஓய்வுபெற்று வந்த பிறகு, முதல் வேலையாகக் கோட்டயம் போனேன். குரியன் சாருக்குத் தொப்பை குறைந்திருந்தது. கப்பக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிடவைத்தார். முன்னறைச் சுவரில், அவருடைய கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு ஆங்கிலக் கடிதம் மாட்டியிருந்தது. மேலே எங்கள் கம்பெனி முத்திரை.

"என்ன சார், அவார்டா?"

"வார்னிங் லெட்டராக்கும்" என்றார். "அலெக்சாண்டர் விஷயத்துக்கு. இருபத்தொன்பது வருஷத்துல கம்பெனி எனக்கு எழுதின ஒரே லெட்டர். சொந்தக்காரங்க எல்லாம் அவார்டுன்னு நினைச்சிட்டிருக்காங்க. என் பாரியாளும்தான்."

"நீங்க சொல்லலையா?"

"எந்தினு? எதுக்குச் சொல்லணும்?" என்று சொல்லிவிட்டு, எனக்கு வெளிச்சம் படும்படி ஒதுங்கி நின்றார்.

கிட்டப் போய் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். வரைபடத்தை வாங்கி அதைப் பிரிக்காமல் விட்ட குற்றம், காதை அளக்காமல் யானையை நகர்த்திய குற்றம், வேலை நேரத்தில் குதிரைக்குள் இருந்த குற்றம், எல்லாம் வரிசையாக இருந்தன. என் பெயர் ஓரிடத்திலும் இல்லை.